கால் நரம்பு வலியும் ஏழரைச் சனியும்

(வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் செய்த பேச்சு)



இன்று நாம் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, ஜாதியைப் பற்றியதுமல்ல. இடுப்பில் பிடித்து, பிட்டத்தில் இறங்கி, தொடையின் பின்புறமாக ஓடி, கெண்டைக்காலையும் தாண்டிப் பாதம் வரைக்கும் சுரீர் சுரீரென்று இழுக்கிறதே, அந்த வலியைப் பற்றியேயாகும். "சுயமரியாதைக்காரர்களுக்கு வைத்தியத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வைத்தியம் செய்ய நாம் வரவில்லை, நாம் டாக்டருமல்ல. ஆனால், இந்த ஒரு வலியை முதலாகப் போட்டுக்கொண்டு நமது நாட்டில் ஜோசியன், மந்திரவாதி, பூசாரி, தாயத்துக்காரன், சுளுக்கு வழிப்பவன் என்று எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று பார்த்தோமானால், இது நம்முடைய வேலைதான் என்பது விளங்கும்.

இங்கிலீஷ் வைத்தியத்தில் இதற்குச் சையாட்டிகா என்று பெயர். வடமொழி வைத்திய நூல்களில் கிருத்ரசி என்கிறார்கள். கிருத்ரம் என்றால் கழுகு. வலிக்காரன் நடப்பது கழுகு நடப்பதுபோல் இருக்கிறதாம். நமது ஜனங்கள் வாயு என்கிறார்கள், பிடிப்பு என்கிறார்கள், நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வலி ஒன்றுதான். நாற்று நடுகிற பெண்ணுக்கும், மூட்டை தூக்குகிறவனுக்கும், தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டிருக்கும் நெசவாளிக்கும், பஸ் ஓட்டுகிறவனுக்கும், நாற்காலியைவிட்டு எழுந்திராத குமாஸ்தாவுக்கும் வருகிறது. பூணூல் போட்டவனுக்கும் வருகிறது, போடாதவனுக்கும் வருகிறது. தினம் மூன்று வேளை பூஜை செய்கிறவனுக்கும் வருகிறது. நம்மைப்போன்ற நாஸ்திகர்களுக்கும் வருகிறது. ஒரு கடவுளும் தன் பக்தனுக்கு இதிலிருந்து விலக்கு அளித்ததாகத் தெரியவில்லை.

வலி வந்தவுடன் நம் ஊரில் என்ன நடக்கிறது? முதலில் ஜாதகத்தை எடுக்கிறார்கள். ஜோசியன் கட்டத்தைப் பார்த்து, "காலைப் பிடித்திருப்பது சனி" என்கிறான். சனியே ஒரு முடவன் என்று புராணம் சொல்லுகிறது. ஆகையால் கால் சம்பந்தமான கஷ்டமெல்லாம் அவன் இலாகாவாம்! உடனே திருநள்ளாற்றுக்குப் புறப்படுகிறார்கள். இடுப்பு நரம்பு நசுங்கிக் கிடக்கிறவனுக்கு ஆகாத காரியம் ஒன்று உண்டென்றால், அது குலுங்குகிற வண்டியில் மணிக்கணக்காய் உட்கார்ந்து போவதுதான். இவன் எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்துபோய், எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, எள் விளக்குப் போட்டுவிட்டு, மறுபடியும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து திரும்புகிறான். வீட்டுக்கு வந்து இறங்கும்போது காலை ஊன்ற முடிவதில்லை. "பார்த்தாயா, சனி எவ்வளவு உக்கிரமாய் இருக்கிறான்!" என்கிறார்கள்.

இன்னும் சிலர், தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவனைத் தேடிப் பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்லுகிறார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவளைக் கூட்டிவந்து வழித்துவிடச் சொல்லுகிறார்கள். வேப்பிலை அடிக்கிறார்கள், கயிறு மந்திரிக்கிறார்கள். வெள்ளித் தகட்டில் கால் உருவம் வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். இதில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்கிற வித்தியாசமே கிடையாது. கடைகள் வேறே தவிர சரக்கு ஒன்றுதான். வேறு எதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் ஏமாறுவதில் நம் நாட்டு மதஸ்தர்கள் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள்!

எண்ணெய் தேய்ப்பதையும் சூட்டு ஒத்தடம் கொடுப்பதையும் நாம் குறை சொல்லவில்லை. சூடு பட்டால் இறுகின தசை சற்று இளகும். வலிக்காரனுக்குக் கொஞ்சம் சுகமாயிருக்கும். அதில் மந்திரமில்லை, பணமும் அதிகமில்லை. செய்துகொள்ளட்டும்.

வலி எங்கிருந்து வருகிறது?

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பல்ல. சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் ஒரு தட்டு இருக்கிறது. டிஸ்க் என்பது அதைத்தான். அதன் ஓரம் கெட்டியான நார், நடுவில் கூழ். இடுப்பின் அடிப்பாகத்தில் இந்த எலும்புகளின் இடுக்கு வழியாக வெளிவரும் அய்ந்து நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய நரம்பாகின்றன. சரீரத்திலுள்ள நரம்புகளில் இதுவே பெரியது. ஏறக்குறைய ஒரு விரல் பருமன். இது பிட்டத்துத் தசையின் அடியில் நுழைந்து, தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாய்ப் பிரிந்து பாதம் வரை போகிறது. இப்போது தெரிகிறதா, வலி ஏன் அந்த ஒரே வழியில் ஓடுகிறதென்று? சனி பிடித்திருந்தால் இரண்டு காலையும் பிடிக்கலாம், காதைக்கூடப் பிடிக்கலாம். வலி நரம்பு போகிற பாதையை விட்டு ஓரடிகூட நகராமல் இறங்குகிறதென்றால், கோளாறு நரம்பில்தான் என்று கண்டுகொள்ள ஜோசியம் வேண்டியதில்லை.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அந்தத் தட்டின் ஓரநார் கிழிந்து, உள்ளேயிருக்கும் கூழ் பிதுங்கி, பக்கத்திலுள்ள நரம்பு வேரை நசுக்குகிறது. அதோடு அந்தக் கூழே நரம்பைப் புண்போல் எரிச்சல்படுத்தவும் செய்கிறது. வயதானவர்களுக்கு இன்னொரு விதமாகவும் வரும். எலும்பு வளர்ந்து, நரம்பு போகும் வழியே குறுகிப்போகும். சிலருக்குப் பிட்டத்துத் தசை இறுகி அழுத்துவதாலும் வருகிறது. இடுப்பில் நசுங்குகிறது, காலில் வலிக்கிறது. ஆனதால் காலை எவ்வளவு பிசைந்தாலும் நோய் இருக்கும் இடத்துக்குக் கை போவதில்லை.

இதை மனிதன் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. 1764இல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து டாக்டர் கொத்துன்யோ என்பவர், இது இடுப்பு மூட்டின் வலியல்ல, நரம்பின் வலி என்று பிரித்துக் காட்டிப் புத்தகம் எழுதினார். அவரும் பாதி வழிதான் வந்தார். நரம்பைச் சுற்றி நீர் சேருவதால் வலி என்று நினைத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அய்ரோப்பாவில் சில சர்ஜன்கள் ஒரு பெரிய அக்கிரமமே செய்தார்கள். நரம்பு சுருங்கியிருக்கிறது போலும் என்று எண்ணி, தொடையைக் கீறி, அந்த நரம்பையே வெளியே எடுத்துப் பிடித்து இழுத்துவிட்டார்கள்! கொஞ்ச காலம் இது மிகப் பிரபலமாய் இருந்தது. பிறகு பலனில்லை, கெடுதலுண்டு என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். 1934இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மிக்ஸ்டர், பார் என்கிற இரண்டு டாக்டர்கள், டிஸ்க் கிழிந்து பிதுங்குவதே இவ்வலிக்குக் காரணமாயிருக்கிறது என்பதை ஆபரேஷன் செய்து, கண்ணால் கண்டு, எழுதிவைத்தார்கள்.

சர்ஜன்கள் செய்த தப்பிதத்தை நாம் மறைக்காமல் சொல்லுவதற்குக் காரணமிருக்கிறது. "உங்கள் விஞ்ஞானம் மாத்திரம் தப்புச் செய்யவில்லையா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்தது. செய்ததைத் தானே கண்டுபிடித்து, தானே விட்டும்விட்டது. கால் முன்னே பிறந்தவன் மிதித்தால் குணமாகும் என்று சொன்னவர்கள், அது தப்பு என்று எந்த மகாநாட்டில் தீர்மானம் போட்டார்கள்?

புகழ் யாருக்கு?

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். இந்த வலியில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துபோகும். பிதுங்கின கூழைச் சரீரமே கொஞ்சங் கொஞ்சமாய்க் கரைத்துவிடுகிறது. சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்கிறார்கள். டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் மூன்று மாதம்தான். ஆகவே, சனீஸ்வரனைவிட டிஸ்க் யோக்கியமானது என்றே சொல்லவேண்டும்!

இதனால் வரும் விபரீதத்தைக் கவனியுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவன் கோவிலுக்கோ மந்திரவாதியிடமோ ஓடுகிறான். உச்சத்துக்குப் போன வலி எப்படியும் இறங்கத்தானே வேண்டும்? இறங்கும்போது கையில் என்ன கட்டியிருந்ததோ அதற்குப் புகழ் போய்விடுகிறது. கயிறு கட்டியிருந்தால் கயிறு குணப்படுத்திற்று. உண்டியலில் கால் போட்டிருந்தால் சாமி குணப்படுத்திற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஊரில் பத்துப் பேருக்கு இப்படி விழுந்துவிட்டால் காக்கைக்கே கோவில் கட்டிவிடுவார்கள்.

அப்படியானால், "நீங்கள் சொல்லப்போகிற உடற்பயிற்சி மாத்திரம் காக்கை இல்லையென்பதற்கு என்ன ருஜு?" என்று கேட்கவேண்டும். இதை நீங்கள் கேட்காமல் போனால்தான் நமக்கு வருத்தம். காக்கையையும் பனம்பழத்தையும் பிரித்தறிய ஒரே வழிதான் இருக்கிறது. வலிக்காரர்களைச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டு கட்சியாகப் பிரித்து, ஒரு கட்சிக்கு ஒன்று செய்து, மற்றக் கட்சிக்கு அதைச் செய்யாமல் விட்டு, கணக்குப் பார்ப்பது.

முன்பெல்லாம் டாக்டர்களே, "படுக்கையைவிட்டு எழுந்திராதே" என்று இந்த வலிக்காரர்களுக்குச் சொல்லிவந்தார்கள். 1999இல் ஹாலந்து தேசத்தில் 183 பேரைப் பிரித்து, பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கையில் போட்டார்கள். பாதிப் பேரை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கட்சியிலும் 100க்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் ஒரு லாபமும் இல்லை. கூலி போனதுதான் மிச்சம். 2012இல் டென்மார்க்கில் கடுமையான வலியுள்ள 181 பேரைப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு அவரவர் வலி காட்டுகிற வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பயிற்சி. மற்றக் கட்சிக்கு முதுகுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ பயிற்சி. இரண்டு கட்சியும் வெகுவாய்த் தேறின. முதல் கட்சி மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாய்த் தேறிற்று. அந்தக் "கொஞ்சம்" என்பதுதான் பயிற்சியின் உண்மையான விலை. அதற்கு மேல் நாம் சொன்னால் நாமும் தாயத்து விற்கிறவர்களாகிவிடுவோம்.

நரம்பு வலிக்கென்று கொடுக்கிற மாத்திரைகளையும் இப்படியே சோதித்திருக்கிறார்கள். பிரிகாபலின் என்கிற மாத்திரை நம் ஊரிலும் நிறைய எழுதிக்கொடுக்கப்படுவது. 2017இல் ஆஸ்திரேலியாவில் சோதித்ததில், இந்த வலிக்கு அது வெறும் மாவு மாத்திரையைவிட மேலானதாகக் காணப்படவில்லை, தலைசுற்றல்தான் அதிகம். இதற்காகச் சாப்பிடுகிற மாத்திரையை இன்று ராத்திரியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய், "இது எனக்கு எதற்காக?" என்று கேளுங்கள். டாக்டர் சொன்னார் என்பதற்காகவே கேள்வி கேட்காமல் விழுங்குவதும், சாஸ்திரம் சொல்லுகிறது என்று கேள்வி கேட்காமல் கும்பிடுவதும் ஒரே குணந்தான்.

ஸ்கேன் எடுத்து, "டிஸ்க் வீங்கியிருக்கிறது" என்று எழுதி வந்தவுடன் சாவோலை வந்ததுபோல் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர்களிலேயே 100க்கு 52 பேர்க்கு ஏதாவதொரு தட்டு வீங்கித்தான் இருந்தது. அவர்கள் சுகமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஸ்கேன் காகிதம் ஜாதகமல்ல.

பயிற்சி

1956இல் நியூஜிலாந்து தேசத்து வெல்லிங்டன் நகரத்தில், மெக்கென்சி என்கிற பிசியோதெரபி வைத்தியரிடம் கால் வலிக்காரர் ஒருவர் வந்தார். "உள்ளே போய்க் குப்புறப் படும்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் வேறு வேலையாய் இருந்துவிட்டார். உள்ளேயிருந்த கட்டிலின் தலைமாடு, முன்பு வந்த நோயாளிக்காக உயர்த்தப்பட்டு அப்படியே கிடந்தது. இவர் அதன்மேலேயே குப்புறப் படுத்தார்; முதுகு பின்னுக்கு வளைந்துபோயிற்று. சில நிமிஷம் கழித்து வைத்தியர் வந்து பார்த்துப் பயந்துபோனார். ஏனெனில் அக்காலத்தில் அப்படி வளைப்பது ஆபத்தென்று நினைத்திருந்தார்கள். வலிக்காரரோ, "சில வாரமாக இவ்வளவு சுகம் கண்டதில்லை, காலில் வலி போய்விட்டது" என்றார். மெக்கென்சியே இதை எழுதிவைத்திருக்கிறார். வேறு நாடாயிருந்தால் அந்தக் கட்டிலுக்குக் குங்குமம் வைத்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யாமல், யாருக்கு இது உதவுகிறது, யாருக்கு உதவவில்லை என்று மற்ற நோயாளிகளிடம் பார்த்துப் பார்த்து ஒரு விதியைக் கண்டார்.

அந்த விதியை மாத்திரம் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போனால் போதும். ஒரு பயிற்சியைச் செய்யும்போது வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து தொடைக்கும், அங்கிருந்து இடுப்புக்கும் மேலேறி வந்தால், அது உங்களுக்கு ஏற்ற பயிற்சி. இடுப்பில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. அதற்கு மாறாய் வலி கீழே கீழே இறங்கினால், காலில் மதமதப்புக் கூடினால், அந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாது. யார் சொல்லியிருந்தாலும் சரி, உடனே நிறுத்திவிட வேண்டும்.

உட்கார்ந்தாலும் குனிந்தாலும் வலி அதிகமாகிறது, எழுந்து நடந்தால் தேவலை என்கிறவர்கள் முதலில் வெறுமனே குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிஷம் இருக்கவேண்டும். வலி இறங்காவிட்டால், முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி மறுபடியும் இரண்டு மூன்று நிமிஷம். அதுவும் சரிப்பட்டால், உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, கையின் பலத்தால் மார்பை மெதுவாய் உயர்த்தி இறக்கவேண்டும். பத்துத் தடவை, பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. பாய் ஒன்றிருந்தால் போதும். முதல் நாளே முழுவதும் வளைத்துவிட வேண்டுமென்கிற பந்தயம் வேண்டாம்.

இன்னொரு வகையார் இருக்கிறார்கள். வயது அறுபதுக்குமேல்; கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து வலிக்கும்; திண்ணையில் உட்கார்ந்தால், அல்லது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தால் வலி போய்விடும். இவர்களுக்கு நரம்பு போகும் வழி குறுகியிருக்கிறது. பின்னுக்கு வளைத்தால் இன்னும் குறுகும். ஆகையால் முன் சொன்னது இவர்களுக்குக் கூடாது. இவர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒன்றன்பின் ஒன்றாகவோ இரண்டையும் சேர்த்தோ கையால் மார்பை நோக்கி இழுத்து, இருபது எண்ணும் மட்டும் பிடித்து விடவேண்டும். பாருங்கள் தோழர்களே, வலியின் பெயர் ஒன்று, அதற்கு வேண்டிய பயிற்சியோ நேர் எதிர்! "சையாட்டிகாவுக்கு ஒரே பயிற்சி, ஏழே நாளில் குணம்" என்று கைப்பேசியில் வீடியோ போடுகிறவர்களுக்கும், எல்லா வியாதிக்கும் ஒரே விபூதி கொடுக்கிறவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

பிட்டத்துத் தசை இறுகியிருப்பவர்கள் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வலிக்கிற காலின் கணுக்காலை மற்றக் காலின் முழங்கால்மேல் குறுக்கே போட்டு, அந்த மற்றத் தொடையைக் கையால் பிடித்து மார்பை நோக்கி இழுக்கவேண்டும். பிட்டத்தில் இதமாய் இழுப்பது தெரியும். இருபது முப்பது எண்ணும் மட்டும், மூன்று தடவை. இழுப்பு வேறு, சுரீரென்று மின்சாரம் பாய்வது வேறு. மின்சாரம் பாய்ந்தால் தளர்த்திவிடுங்கள்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வலி கடுமையாய் இருக்கும்போது, நின்றபடி முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவதுதான் நம் ஜனங்களுக்கு முதலில் தோன்றுகிற பயிற்சி. நரம்பு சுருங்கிவிட்டது, இழுத்து நீட்டவேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த அய்ரோப்பிய சர்ஜன்கள் கத்தியால் செய்ததை இவர்கள் கத்தியில்லாமல் செய்கிறார்கள். நரம்பு ரப்பர் அல்ல. புண்பட்ட நரம்பை இழுத்தால் இன்னும் புண்படும். நாம் தளர்த்துவது தசையை. இடம் விடுவது நரம்புக்கு.

சாஷ்டாங்கமும் சையன்சும்

குப்புறப் படுக்கச் சொன்னவுடன் ஒரு பேர்வழி எழுந்து, "இதற்காகத்தானே அய்யா நம் முன்னோர்கள் சாஷ்டாங்க நமஸ்காரம் ஏற்படுத்தினார்கள்!" என்று சொல்லக்கூடும். தோப்புக்கரணத்தில் சையன்ஸ், விரதத்தில் சையன்ஸ், சாணியில் சையன்ஸ் என்று சொல்லிச் சொல்லி இப்போது இவர்களுக்கு அது பழக்கமாய்ப் போயிற்று. நல்லது, யோசித்துப் பார்ப்போம். இடுப்பு வலிக்காக ஏற்படுத்தினதென்றால், அதை வீட்டில் பாயில் செய்யாமல் ஒரு சிலைக்கும் ஒரு மடாதிபதிக்கும் எதிரில் செய்யச் சொன்னது ஏன்? எந்தச் சமயத்தில், யார் முன்னால், எத்தனை தடவை விழவேண்டுமென்று எழுதினவர்கள், இடுப்பு வலி என்கிற வார்த்தையை ஓரிடத்தில்கூட எழுத மறந்தது ஏன்? பெண்கள் சாஷ்டாங்கமாய் விழக்கூடாது, மண்டியிட்டுத்தான் வணங்கவேண்டும் என்று தடுத்தது ஏன்? பெண்களுக்கு இடுப்பு இல்லையா? பிள்ளை பெறுவதும், குடம் சுமப்பதும், நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நாற்று நடுவதும் எந்த இடுப்பு? நம் மடாதிபதிகளுக்கு இடுப்பு வலி வந்தால், அவர்கள் நமக்கு எதிரில் விழுந்து குணப்படுத்திக்கொள்வார்களா?

யோகாசனம் செய்கிறவர்களோடு நமக்குச் சண்டையில்லை. அதில் உடம்பை வளைக்கிற முறைகள் சில, நாம் மேலே சொன்னவைகளைப் போன்றவையே. வளைவது முதுகு, பலன் தருவது வளைவு. அத்துடன் மந்திரம் சொன்னால் தான் பலன் என்றால், மந்திரம் மாத்திரம் சொல்லிவிட்டு வளையாமல் இருந்து பார்க்கட்டும்.

எப்போது ஓடவேண்டும்?

இதுவரையில் சொன்னதெல்லாம் மெதுவாய்ச் செய்யவேண்டியது. இனிச் சொல்லுவது ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாதது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும், அல்லது தெரியாமலே போனாலும், மலம் அடக்க முடியாமற்போனாலும், சேணத்தில் உட்கார்ந்தால் படுகிற இடம் அத்தனையும், அதாவது மர்ம ஸ்தானத்தைச் சுற்றி, மரத்துப்போனாலும், இரண்டு காலும் பலம் குறைந்துபோனாலும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும். டிஸ்க் பெரிதாய்ப் பிதுங்கி, கீழே போகிற நரம்புக் கொத்து முழுவதையும் நசுக்குகிறது என்று அர்த்தம். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பிழைக்கும். வேப்பிலை அடித்துக்கொண்டு இரண்டு நாள் வைத்திருந்தால் ஆயுள் முழுவதும் சிறுநீர்க் குழாயோடு திரியவேண்டிவரும். நாம் இவ்வளவு பேசுவதற்கும் உண்மையான காரணம் இதுதான். மற்ற மூடநம்பிக்கையில் பணம் போகும். இதில் ஆளே போய்விடுகிறான். அதிலும் நம் பெண்கள், வெட்கத்தினால் இந்த இடம் மரத்துப்போயிற்று என்று வாய்விட்டுச் சொல்லுவதில்லை. சொல்லத்தகாத இடமென்று சரீரத்தில் ஒன்றும் கிடையாது. இதைக் கற்பின் பேரால் மறைக்கச் சொன்னவன் எவனோ, அவன் வந்து அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

பாதம் தொங்கிப்போய்ச் செருப்பு தானாய்க் கழன்று விழுந்தாலும், வலியோடு காய்ச்சல் வந்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும், விழுந்து அடிபட்டபின் வந்த வலியானாலும், டாக்டரைப் பார்க்காமல் பயிற்சியைத் தொடவே கூடாது.

ஆபரேஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் ஹாலந்திலேயே, ஆறு வாரத்துக்குமேல் கடுமையான வலி நீங்காத 283 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள்; மற்றவர்களைப் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் சீக்கிரம் குணமானார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் 100க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். பொறுத்துப் பார்த்தவர்களிலும் 100க்கு 39 பேர், வலி தாங்காமல் நடுவில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களே. ஆகவே, மேலே சொன்ன அபாயக் குறி இல்லாதவனுக்கு, கத்தியைக் கண்டு நடுங்கவும் வேண்டியதில்லை, அவசரப்பட்டு வீட்டை அடகு வைக்கவும் வேண்டியதில்லை. கூலி வேலைக்காரன் மூன்று மாதம் காத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதை அவன்தான் டாக்டரோடு உட்கார்ந்து தீர்மானிக்கவேண்டும்.

அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பகுதி இருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடப்பது, கூச்சப்படாமல் போங்கள். 2021இல் தமிழ்நாடு அரசாங்கம் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்கிற திட்டத்தில், பிசியோதெரபியை வீட்டுக்கே வந்து செய்வதையும் சேர்த்தார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் அதைக் கேளுங்கள். எந்தப் பக்கம் வளைந்தால் உங்கள் வலி மேலேறுகிறதென்று அவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால், பிறகு நீங்களே செய்துகொள்ளலாம்.

நடவு வேலைக்குப் போகிற தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்டு முன்னமேயே சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். "நாள் முழுவதும் குனிந்தே இருக்கிறோமே, எங்களுக்குப் பாய் விரித்துப் படுக்க நேரமேது?" என்பது அது. நியாயமான கேள்வி. அரை மணிக்கொரு தரம் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, அய்ந்தாறு தடவை பின்னுக்கு வளையுங்கள்; அரை நிமிஷம் பிடிக்கும். "ஏன் நிமிர்ந்தாய்?" என்று வரப்பிலிருந்து கேட்கிறவனை, ஒரு நாள் இறங்கிக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரியில் பத்து நிமிஷம் குப்புறப் படுக்கத்தான் வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் அடுப்பையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளுவது ஆண்களின் வேலை. அதற்குச் சம்மதமில்லாதவர் யாராவது இங்கு இருந்தால் இப்போதே எழுந்து சொல்லலாம்.

ஒருவரும் எழுந்திருக்கக் காணோம். சரி, மேடைக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கிறது. தோழர் ஒருவர் மேலே சொன்னவைகளைச் செய்து காட்டுவார். பெண்களுக்கு உள் அறையில் ஒரு தாயார் காட்டுவார்கள். வலியுள்ளவர்கள் இங்கேயே செய்யவேண்டாம். பார்த்துக்கொண்டு மாத்திரம் போங்கள். உட்கார்ந்து வெகு நேரமாகிவிட்டது. எல்லோரும் ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.